எதிரெதிர் ஸ்டீல் தகடு: பிம்பம் நாலைந்தோடு இருட்டிவிடுகிறதே?

கோத்தகிரி_தோட்டம்:
இங்கே சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறோம். தோட்டத்தில் ஆளுயர மிரர் பினிஷ் ஸ்டீல் தகடு இரண்டை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் நிற்பவர் தன்னையே முடிவில்லாமல் பார்க்கிற மாதிரி ஒன்று செய்ய ஆசை. இரண்டு துண்டு வாங்கி வைத்துப் பார்த்தால் நாலைந்து பிம்பத்திலேயே சாம்பலாகி இருட்டிவிடுகிறது, வரிசையும் ஒரு பக்கமாக வளைகிறது. தகடு மட்டமா? ஸ்டீல் ரகத்தில் 316 வாங்கச் சொல்கிறார்கள், 304 போதாதா?

இயற்பியல்_வாத்தியார்:
தகட்டின் மேல் பழி போடாதீர்கள். நன்றாகப் பாலிஷ் போட்ட ஸ்டீலே விழுகிற வெளிச்சத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். ஐந்து தடவை பட்டுத் திரும்பினால் மிச்சம் 8 சதவீதம், பத்து தடவையில் ஒரு சதவீதம்கூட இல்லை. வெள்ளி பூசிய கண்ணாடி 95 தருகிறது என்று வையுங்கள், பத்தாவதிலும் பாதிக்கு மேல் நிற்கும். ஆனால் கண்ணாடியில் இருக்கும் இரும்பால் போகப் போகப் பச்சையடிக்கும். வளைவதற்குக் காரணம் இரண்டும் சரியாக இணையாக இல்லாதது. அது இருக்கட்டும், கச்சிதமாக இணையாக வைத்தால் உங்கள் தலையே பின்னால் உள்ளதையெல்லாம் மறைத்துவிடும்.

பட்டறை_கோவை:
மலைக்கு 304 தாராளம், 316 கடற்கரைக்கு. அந்தக் காசைக் கனத்தில் போடுங்கள். 1 மிமீ என்றால் வெயில் ஏறியதும் தகடு அலையடித்து முகம் கோணும், 2 மிமீயாவது வேண்டும். பிளைவுட்டில் ஒட்டாதீர்கள், உங்கள் ஊர் ஈரத்தில் உப்பிவிடும். பின்பக்கம் வெல்டிங் வைத்தால் அந்தச் சூடு முன்பக்கம் தழும்பாகத் தெரியும். ஒரே தகடாகப் போவதுதான் நல்லது, இணைப்பைத் தேய்த்து மறைப்பது லேசுப்பட்ட வேலையில்லை: சிகாகோ பூங்காவில் சிற்பி அனிஷ் கபூர் வைத்த ஸ்டீல் சிற்பம் 'கிளவுட் கேட்' 168 தகடு, 2004இல் பூங்கா திறந்தபோதும் வேலை முடியவில்லை, 2006 வரை இழுத்தது.

குன்னூர்வாசி:
எல்லாம் சரி, உங்கள் பக்கம் காட்டுமாடு வருமா? தன் பிம்பத்தை இன்னொரு மாடு என்று நினைத்து முட்டினால் 2 மிமீ என்ன, 5 மிமீயும் குழிந்துவிடும். கொண்டைக்குருவி கார் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மூடுபனி இறங்கினால் தகடு வேர்க்கும், காலையில் துணியோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். பேசாமல் வராந்தாவுக்குள் வையுங்கள்.

கோத்தகிரி_தோட்டம்:
மாடு வரும், தேயிலைக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். அப்போ வராந்தாதான். கண்ணாடிக்கு மாறவில்லை, அந்தச் சாம்பல் இருட்டு பார்க்கப் பார்க்கப் பிடித்துவிட்டது. கோவைக்காரரே, 8×4 அடியில் இரண்டு தகடு, பாதுகாப்பு பிலிம் உரியாமல் மேலே ஏற்றிவர யாராவது இருக்கிறார்களா?