கவுண்டி சட்ட நூலகத்தில் புத்தகம் ஒன்று சொல்கிறது, போன் வேறு சொல்கிறது: டெபாசிட் வழக்குக்கு எதை நம்புவது?

பவளமல்லி | சனிக்கிழமை இரவு

வணக்கம். கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் இருக்கிறேன். 2022 ஜூனில் ஒரு அபார்ட்மென்டுக்குக் குடிபோனோம். வாடகை 2,400 டாலர், டெபாசிட் இரண்டு மாத வாடகை, அதாவது 4,800. இந்த 2025 ஜூன் 30 அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். அப்புறம் ஒரு கடிதம் வந்தது. பெயிண்டுக்கு 1,100, கார்ப்பெட்டுக்கு 1,700, சுத்தம் செய்ததற்கு 350, ஆக 3,150 டாலர் பிடித்தம். மீதிக்கு மட்டும் செக். ரசீதும் இல்லை, போட்டோவும் இல்லை. உறையின் மேல் தபால் முத்திரை ஜூலை 26. எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை.

ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டில், அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்டில், வக்கீல் கூட வர முடியாது, நாமே பேச வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதனால் நேற்று லீவு போட்டு எங்கள் கவுண்டி (மாவட்ட) சட்ட நூலகத்துக்குப் போனேன். நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். போகும்போது இருந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பினேன்.

டெபாசிட் சட்டம் சிவில் கோடு, அதாவது சிவில் சட்டத் தொகுப்பு, 1950.5ஆம் பிரிவு என்று தெரியும். தடித்த அட்டை போட்ட புத்தகத்தில் அந்தப் பிரிவை எடுத்தால், சாமான் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாத வாடகைவரை டெபாசிட் வாங்கலாம் என்று இருக்கிறது. போனில் தேடினால் ஒரு மாதம்தான் என்கிறது. ஒரு சாட்பாட்டிடம் கேட்டேன். "இரண்டு மாதம் வாங்கியதே சட்டவிரோதம், அதையே முதல் வாதமாக வையுங்கள்" என்று சொல்லி ஒரு தீர்ப்பின் பெயரையும் எண்ணையும் கொடுத்தது. அந்தத் தொகுதியைத் தேடி எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் அங்கே வேறு ஏதோ ஒரு வழக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரான்பெரி எதிர் இஸ்லே இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற இன்னொரு தீர்ப்பு கிடைத்தது. கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் டெபாசிட்டை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்வதால் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதில் கெடு இரண்டு வாரம் என்று வருகிறது. எல்லோரும் 21 நாள் என்கிறார்களே?

கடைசியில் நூலகரிடம் "வீட்டுக்காரர் செய்தது தப்புதானே?" என்று கேட்டேன். "அதை நான் சொல்லக் கூடாது" என்றுவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனாலும் மனசு உடைந்துபோனது. அடுத்த வாரம் மனு போட வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

சைக்கிள்காரன் | சனிக்கிழமை இரவு

முதலில் அந்த சாட்பாட் தீர்ப்பைத் தூக்கிப் போடுங்கள். புத்தகத்தில் இல்லை என்றால் இல்லைதான், நீங்கள் தேடியதில் பிழை இல்லை. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில் வக்கீல்களே இப்படி இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நீங்கள் தொகுதியை எடுத்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களே, அதை அவர்கள் செய்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

மற்றது எனக்குத் தெரியாது. ஓக்லாந்து அக்கா வந்தால் சொல்வார்.

ஓக்லாந்துவாசி | ஞாயிற்றுக்கிழமை காலை

பவளமல்லி, நான் பத்து வருடம் பேராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவியாளராக, இருந்தவள். வக்கீல் இல்லை. அலமேடா கவுண்டியின் பெர்னார்ட் விட்கின் சட்ட நூலகத்தில் எத்தனையோ நாள் கிடந்திருக்கிறேன். உங்கள் குழப்பம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது: நீங்கள் படித்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் உண்மை. புத்தகமும் பொய் சொல்லவில்லை, போனும் பொய் சொல்லவில்லை.

அந்தத் தடித்த புத்தகத்தின் பின் அட்டைக்குள் ஒரு மெல்லிய இணைப்பு செருகியிருக்கும். அதற்குப் பாக்கெட் பார்ட் என்று பெயர். தொகுதி அச்சான பிறகு சட்டம் மாறினால் ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புதிதாக அடிக்க மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை இந்த இணைப்பைத்தான் மாற்றுவார்கள். மாற்றம் நிறைய இருந்தால் தனிப் புத்தகமாக அதே அலமாரியில் பக்கத்தில் நிற்கும். சட்டப் புத்தகத்தை முன்னாலிருந்து திறக்கும் முன் பின்னாலிருந்து திறக்க வேண்டும். எனக்கு இதை முதல் வாரமே ஒருவர் கையைப் பிடித்துக் காட்டினார். உங்களுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதில் பாருங்கள். ஏ.பி. 12 என்ற சட்டத்தால் 2024 ஜூலை 1 முதல் டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. வீடு சாமானோடு இருந்தாலும் அதே கணக்கு. இரண்டு வீட்டுச் சொத்துக்கு மேல் இல்லாத, மொத்தம் நான்கு குடியிருப்புக்கு மேல் இல்லாத சின்ன வீட்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு மாதம்வரை விலக்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய டெபாசிட்டை அது தொடாது. உங்களுடையது 2022. ஆக, இரண்டு மாதம் வாங்கியது அன்றைக்குச் சட்டப்படி சரி. அந்த வாதத்தை முதலில் வைத்திருந்தால் நீதிபதி முன்னால் உங்கள் நல்ல வாதங்களும் பலவீனமாகியிருக்கும்.

கிரான்பெரி விஷயமும் அதே கதைதான். 1995இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, 9 கால்.4த் 738 (தீர்ப்புத் தொகுதி 9, பக்கம் 738). அந்த வழக்கு நடந்த காலத்துச் சட்டத்தில் கெடு இரண்டு வாரம். பிறகு திருத்தி 21 நாள் ஆக்கினார்கள். அனோட்டேட்டட் கோடில், அதாவது குறிப்புகளோடு வரும் சட்டப் புத்தகத்தில், பிரிவின் வாசகம் முடிந்ததும் சின்ன எழுத்தில் சட்டத்தின் வரலாறு இருக்கும். எந்த வருடம் எது மாறியது என்று அங்கே தெரியும். அதற்கும் கீழே, அந்தப் பிரிவைப் பற்றி வந்த தீர்ப்புகளைத் தலைப்பு வாரியாக ஒரு வரி இரண்டு வரியில் கொடுத்திருப்பார்கள். வீட்டில் இணையத்தில் சட்ட வாசகம் இலவசமாகக் கிடைக்கும், இந்தப் பகுதி கிடைக்காது. நூலகத்துக்குப் போவதே அதற்காகத்தான்.

தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. நூலகக் கணினியில் வெஸ்ட்லா என்ற தீர்ப்புத் தேடல் தளம் இருந்தால் தீர்ப்பின் எண்ணை அப்படியே அடித்து கீசைட் பாருங்கள். லெக்சிஸ் இருந்தால் அதில் ஷெப்பர்ட்ஸ். அந்தத் தீர்ப்பைப் பிற்காலத்தில் யார் பின்பற்றினார்கள், யார் மறுத்தார்கள் என்று காட்டும். சிவப்புக் கொடி இருந்தால் குறைந்தது ஒரு விஷயத்திலாவது அது இனிச் செல்லாது. மஞ்சள் என்றால் எதிர்க்கருத்து ஏதோ இருக்கிறது, என்னவென்று படித்துப் பாருங்கள். கொடியைப் பார்த்ததும் பயந்து ஓட வேண்டாம், உங்களுக்கு வேண்டிய விஷயத்தில்தானா என்று பாருங்கள். அப்புறம், மேலே "அதிகாரபூர்வமாக வெளியிடப்படாதது" என்ற குறிப்பு இருக்கும் கலிஃபோர்னியா தீர்ப்புகளை மேற்கோள் காட்டக் கூடாது. கோர்ட் விதி 8.1115. தேடலில் அப்படிப்பட்டவை நிறைய வந்து மாட்டும்.

கிரான்பெரியை முழுக்கப் படியுங்கள். கணக்கைக் கெடுவுக்குள் தராத வீட்டுக்காரர் டெபாசிட்டை முழுதாகத் திருப்ப வேண்டும் என்கிறது. அதே தீர்ப்பு, உண்மையான சேதத்துக்கு அவர் தனியாக உரிமை கோரலாம் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், எதிரில் இருப்பவர் இரண்டாம் பாதியை எடுத்துக் காட்டுவார். அதனால் கார்ப்பெட், பெயிண்ட் இரண்டுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும்.

நூலகர் மேல் வருத்தம் வேண்டாம். உங்கள் வழக்கில் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று சொன்னால் அது வக்கீல் வேலை, அவர் அதைச் செய்யக் கூடாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "1950.5க்கு அனோட்டேட்டட் கோடு எங்கே? இதற்குக் கடைசித் திருத்தம் எது? வாடகை டெபாசிட் பற்றிய கையேடு எது?" இப்படிக் கேட்டால் எழுந்து வந்து அலமாரியிலிருந்து எடுத்தே கொடுப்பார்கள். ரட்டர் குரூப்பின் வீட்டுக்காரர்–குடியிருப்பவர் தொகுதியையும் நோலோ புத்தகங்களையும் கேட்டு வாங்குங்கள். நோலோ சாதாரண மனிதர்களுக்காக எழுதியது, அதிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் வழக்கைப் பற்றியே பேச வேண்டுமானால் ஒவ்வொரு கவுண்டியிலும் ஸ்மால் கிளைம்ஸ் ஆலோசகர் இலவசமாக உண்டு.

பவளமல்லி | ஞாயிற்றுக்கிழமை இரவு

அக்கா, இரண்டு முறை படித்தேன். பின் அட்டையை நான் திறக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன். எவ்வளவு தொகை கேட்கலாம் என்று மட்டும் புரியவில்லை.

மணல்மேடு | திங்கட்கிழமை

நானும் இதே பிரிவில் என் டெபாசிட்டை வாங்கியவன், அதனால் கணக்கு மனப்பாடம். பிடித்தது 3,150. கெட்ட எண்ணத்தோடு பிடித்தார்கள் என்று நீதிபதி கருதினால் அதற்கு மேல் டெபாசிட்டைப் போல இரண்டு மடங்குவரை கொடுக்கலாம், உங்களுக்கு 9,600. இரண்டும் சேர்ந்தால் 12,750. தனிநபர் ஸ்மால் கிளைம்ஸில் கேட்கக்கூடியது 12,500தான். மேலே உள்ள 250ஐ விட்டுவிட வேண்டும். 5,000க்கு மேல் கேட்பதால் மனுக் கட்டணம் 75 டாலர், ஜெயித்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம். இரண்டு மடங்கு தானாக வராது என்பதை மனதில் வையுங்கள். தாமதம் மட்டும் போதாது, கெட்ட எண்ணத்தைக் காட்ட வேண்டும்.

உங்கள் கையில் பலமானது ரசீது. பழுதும் சுத்தமும் சேர்ந்து 125 டாலரைத் தாண்டினால் ரசீது நகல் தர வேண்டும். ஏ.பி. 2801 படி 2025 ஏப்ரல் 1 முதல், காலி செய்த பின் பழுதுபார்க்கும் முன்னும் பின்னும் போட்டோ எடுக்க வேண்டும். நீங்கள் 2025 ஜூனில் காலி செய்ததால் உங்களுக்கு இது பொருந்தும். பிடித்த தொகை நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையது, உங்களுடையது இல்லை. இந்த ஒரு வரியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ப்பெட்டின் வயது என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மாநில அரசின் குடியிருப்போர் கையேட்டில் ஒரு உதாரணம் உண்டு: பத்து வருடம் உழைக்கும் கார்ப்பெட்டை எட்டு வருடம் ஆன நிலையில் கெடுத்துவிட்டால், புதிதுக்கு 1,000 டாலர் ஆனாலும் மீதி இரண்டு வருடத்துக்கான 200 டாலரைத்தான் கேட்கலாம். நடந்து நடந்து தேய்ந்ததற்கு அதுவும் கிடையாது.

பவளமல்லி | செவ்வாய்க்கிழமை இரவு

போய்விட்டு வந்தேன். பாக்கெட் பார்ட் அங்கேயே இருந்தது, ஏ.பி. 12 அதில் இருக்கிறது. நூலகரிடம் அக்கா சொன்ன மாதிரி கேட்டேன். ரட்டர் தொகுதியை எடுத்து வந்து, பின்னால் பொருளடைவில் எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்றும் காட்டினார். கிரான்பெரியை கீசைட் செய்து, தீர்ப்பை என் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டேன். முழுதும் படித்தேன். அந்த இரண்டாம் பாதி உண்மையிலேயே எனக்கு எதிராகத் திரும்பக்கூடியதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். காலி செய்யும் முன் ஜூன் 18 அன்று மேனேஜர் வீட்டைப் பார்க்க வந்தபோது என் அம்மாதான் வீட்டில் இருந்தார். கார்ப்பெட் பற்றி எதுவும் இல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். சாட்சி சொல்ல முடியுமா?

ஓக்லாந்துவாசி | செவ்வாய்க்கிழமை இரவு

அந்தத் தாள் எங்கே? பத்திரமாக வையுங்கள், மூன்று நகல் எடுங்கள். முன்கூட்டியே பார்த்து எழுதிய குறைகளுக்கு வெளியே பிறகு பிடிக்க வேண்டுமானால், அது அப்போது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்க வேண்டும், அல்லது அதற்குப் பின் நடந்திருக்க வேண்டும். அறை முழுக்க விரித்திருக்கும் கார்ப்பெட் எப்படி மறையும்? சோஃபாவோ கட்டிலோ மூடியிருந்தது என்று அவர்கள் சொல்லலாம். அந்த இடம் எது, சோஃபா எங்கே இருந்தது என்று அம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அம்மா தாராளமாகப் பேசலாம். ஐ.என்.டி.-300 என்ற படிவத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. தமிழுக்கு ஆள் கிடைக்க நாள் ஆகும், அதனால் மனு போடும் அன்றே கொடுத்துவிடுங்கள். நீங்களே மொழிபெயர்க்க எண்ண வேண்டாம், நீங்கள் வழக்கில் ஒரு தரப்பு.

பவளமல்லி | வியாழக்கிழமை

எஸ்.சி.-100 என்ற மனுப் படிவத்தைக் கொடுத்தாயிற்று, 75 டாலர் கட்டினேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் படிவமும் கூடவே. இனி நோட்டீஸை வீட்டுக்காரரிடம் சேர்க்க வேண்டும். நான் கொடுக்கக் கூடாது, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் கொடுக்க வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். சைக்கிள்காரன் அண்ணா, நீங்கள் பக்கத்து ஊர்தானே?

சைக்கிள்காரன் | வியாழக்கிழமை

வருகிறேன். விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் கையில் சேர வேண்டும், அவர்கள் வேறு கவுண்டி என்றால் 20. தேதியைச் சொல்லுங்கள். கொடுத்ததற்கான எஸ்.சி.-104 படிவத்தையும் அச்செடுத்து வையுங்கள், அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.