நேரலைத் திரையில் காணிக்கைக் கட்டம் எதற்கு?

தாமிரபரணி:
நேற்று இன்னொரு இழையில் மணியோசை எழுதியது இது: "யூடியூப் சேனல் இல்லாத சபை பூட்டிய சபை. நேரலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை காணிக்கை அனுப்ப ஸ்கேன் செய்யும் க்யூஆர் கட்டம் திரையில் இருக்க வேண்டும்." முதல் வரியை விட்டுவிடுகிறேன். இரண்டாவது வரியைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. சபைக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக அந்தக் காணொளியைத் திறக்கிறார் என்று வையுங்கள். ஆயர் வாயைத் திறக்கும் முன்பே வலது ஓரத்தில் கறுப்புக் கட்டம். "இவர்களுக்கும் காசுதான் குறி" என்று அடுத்த காணொளிக்குப் போய்விடுவார். இதற்குப் பெயர் நற்செய்திப் பணியா?

மணியோசை:
பேசுகிறவர்களுக்கு என்ன கஷ்டம்! 2020 மார்ச் 25 ஊரடங்கு வந்தபோது ஆலயக் கதவு பூட்டிக் கிடந்தது. ஏப்ரல் 12 ஈஸ்டர் ஆராதனையை ஒரே ஒரு செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி அனுப்பினோம். காணிக்கைப் பை எங்கே சுற்றியது? கரண்ட் பில்லும் ஆலயத்தைக் கவனிக்கும் கோயில்குட்டியார் சம்பளமும் அந்தக் கட்டத்தில் வந்த பணத்தில்தான் ஓடின.

தாமிரபரணி:
ஊரடங்கு போய்விட்டது, கட்டம் மட்டும் போகவில்லை. உங்கள் சேனலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். கேமரா மாடியில் இருக்கிறது, ஆயர் கட்டைவிரல் அளவு தெரிகிறார். ஆரம்பமே அறிவிப்புகள்: பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், அசன விருந்துக்கு அரிசி கொடுத்தவர்கள் பெயர். கீர்த்தனை வரிகள் திரையில் ஓடும்போது கடைசி இரண்டு வார்த்தையைக் கட்டம் மறைக்கிறது. செல்போனில் பார்ப்பவர் அதே போனை வைத்து அந்தக் கட்டத்தை எப்படி ஸ்கேன் செய்வார்?

மணியோசை:
ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியிலிருந்து ஏற்றலாம். இதுகூடத் தெரியாதவர் ஊடக ஊழியத்துக்கு வகுப்பெடுக்கிறார். டிவியில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒலிப்பெட்டி:
கட்டத்தை விடுங்கள். முதலில் சத்தம் கேட்கிறதா? ஒலி மிக்ஸரிலிருந்து நேராக ஒரு வயர் இழுக்காமல் போன் மைக்கை நம்பினால் மின்விசிறிச் சத்தம்தான் பிரசங்கம். அப்புறம், பண்டிகை நாளில் கம்பெனி வெளியிட்ட இசை டிராக்கைப் போட்டுப் பாடாதீர்கள். உரிமை உள்ள பாட்டைத் தானே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்தால் நேரலை மறைந்து வெறும் படம் நிற்கும். கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் 1864ல் மறைந்தவர். நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. அவருடைய கீர்த்தனையை உங்கள் பாடகர் குழுவே ஆர்மோனியம் வைத்துப் பாடட்டும்.

மணியோசை:
ஒலிப்பெட்டி அண்ணே, எங்கள் மிக்ஸரை "பொருட்காட்சி மிக்ஸர்" என்று இங்கே எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசி பெஞ்சு:
ஒரு கேள்வி. வெளியில் வர முடியாத நம் முதியவர்களுக்கு ஆராதனையைக் கொண்டுபோவது ஒன்று. சபைக்கு வெளியே இருப்பவரிடம் பேசுவது வேறு. நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? நான் கத்தோலிக்கன். இணையத்தில் பார்ப்பது நற்கருணைக்கு ஈடாகாது என்று வத்திக்கான் 2002லேயே ஓர் ஆவணத்தில் சொல்லிவிட்டது. அதைப் பேசலாமே.

தாமிரபரணி:
அதைப் பிறகு பேசலாம். கட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நேரலையை உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்ப் பிள்ளை அனுப்பும் காணிக்கை சட்டப்படி வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதைத் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். உங்கள் கமிட்டி இதை யோசித்ததா?

மணியோசை:
பயமுறுத்த வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் துபாயில் இருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டுப் பணம் ஆகாது. "இந்தியக் குடிமக்கள் மட்டும்" என்று கட்டத்தின் கீழேயே போட்டிருக்கிறோம்.

தாமிரபரணி:
அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

கடற்கரைச்சாலை:
இரண்டு பேரும் வரலாற்றைப் பாருங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706ல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் வந்துவிட்டது. 1931ல் வத்திக்கான் வானொலி. புதுக் கருவி எது வந்தாலும் திருச்சபை எடுத்துக்கொண்டது. இப்போது காணொளி.

தாமிரபரணி:
அந்தப் புதிய ஏற்பாட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் காணிக்கை கேட்டா அச்சடித்தார்?

மணியோசை:
லண்டன் எஸ்பிசிகே என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம்தான் அவருக்கு அச்சு இயந்திரமும் காகிதமும் அனுப்பியது. கேட்காமலா வந்தது?

தாமிரபரணி:
கேட்டது ஆதரிக்கிறவர்களிடம். சுவிசேஷம் கேட்க வந்தவனிடம் இல்லை! இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஆலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் பலகைகளைக் கவிழ்த்த இயேசுவைப் பற்றிப் பேசும் காணொளியிலேயே ஓரத்தில் பலகை போடுகிறீர்கள். வெளியாளுக்கு முழு ஆராதனை எதற்கு? பிரசங்கத்தில் ஒரே ஒரு பகுதியை வெட்டிப் போடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் என்ற குட்டிக் காணொளியை யூடியூபில் 3 நிமிடம் வரை போடலாம். "மூன்றாம் ஞாயிறு ஆராதனை" என்று தலைப்பு வைத்தால் யார் தேடுவார்கள்? "மகன் குடிக்கிறான், என்ன செய்வது" என்று ஒரு தாய் நள்ளிரவில் தேடுகிறாள். அந்தத் தலைப்பில் ஆயர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசட்டும். அவள் கருத்துப் பெட்டியில் எழுதினால் அன்றைக்கே யாராவது பதில் போடட்டும். நீங்களோ கருத்துப் பெட்டியையே மூடி வைத்திருக்கிறீர்கள். எந்த விநாடியில் ஆட்கள் விட்டுப் போகிறார்கள் என்று யூடியூப் ஸ்டுடியோ கோடு போட்டுக் காட்டும், அதையாவது திறந்து பாருங்கள். காணிக்கை விவரம் கீழே குறிப்பில் இருக்கட்டும், தேடுகிறவர் எடுத்துக்கொள்வார்.

மணியோசை:
கருத்துப் பெட்டியைத் திறந்தால் வருகிற வசையை நீங்கள் வந்து அழிப்பீர்களா? குறிப்பில் போட்டால் யாரும் திறப்பதில்லை. சேனல் நடத்தாதவருக்கு இது புரியாது.

ஒலிப்பெட்டி:
அது பொருட்காட்சி மிக்ஸர்தான். இப்போதும் சொல்கிறேன்.

கடைசி பெஞ்சு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தாமிரபரணி:
மணியோசை, நேராகச் சொல்லுங்கள். கட்டம் பாட்டு வரியை மறைக்கிறதா இல்லையா?

மணியோசை:
போன ஞாயிறே இடது ஓரத்துக்கு மாற்றியாகிவிட்டது. உங்கள் பேச்சைக் கேட்டு மாற்றவில்லை, கமிட்டி முடிவு. ஸ்கேன் செய்யச் சிரமம் என்று சொன்னதால் அளவையும் பெரிதாக்கியிருக்கிறோம்.

தாமிரபரணி:
உங்கள் பிரசங்கபீடம் இருப்பது இடது பக்கம்தானே?