இரவில் மட்டும் ஏரோசால் (காற்றில் மிதக்கும் துகள்கள்) ஏறுகிறது, உதவி தேவை

நிலாப்பதிவு: சூரியன், நிலா இரண்டின் ஒளியையும் அளக்கும் ஃபோட்டோமீட்டர். மாலையில் ஒளியியல் ஆழம் (துகள்கள் ஒளியை மறைக்கும் அளவு) 0.22, நள்ளிரவில் 0.30, விடிந்தால் பழையபடி 0.22. சுற்றுவட்டாரத்தில் புகையும் இல்லை, புழுதியும் இல்லை. வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். அவசரம்.

உப்புக்காற்று: ஈரப்பதம்தான், வேறென்ன? இரவில் உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடும்.

தேய்பிறை: எந்த அலைநீளம்? அன்று என்ன திதி? நிலவொளியைக் கணக்கிட எந்தக் கணித மாதிரி?

மூத்தகுடி: இதே கேள்வி இங்கே எத்தனை முறைதான் வருமோ. நிலாவை வைத்து அளப்பவர் முதலில் நிலாவைப் படிக்க வேண்டும். பௌர்ணமிக்கும் அஷ்டமிக்கும் இடையே அதன் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதைக் கணக்கிடத்தான் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் ஆண்டுக்கணக்கில் நிலாவைப் படமெடுத்து, 2005இல் ரோலோ மாதிரியை வெளியிட்டார்கள். பழைய இழைகளைத் தேடிப் படியுங்கள்.

நிலாப்பதிவு: 500 நானோமீட்டர். பௌர்ணமிக்கு மறுநாள். ரோலோதான்.

வெண்முகில்: கண்ணுக்குத் தெரியாத சிரஸ் மேகமாக (உயரத்தில் மிதக்கும் மெல்லிய பனித்துகள் மேகம்) இருக்கும். ஆங்ஸ்ட்ராம் அடுக்கு (அலைநீளத்தோடு ஒளியியல் ஆழம் எவ்வளவு மாறுகிறது என்பது, பெரிய துகள் வந்தால் குறையும்) சரிகிறதா?

நிலாப்பதிவு: பெரிதாக இல்லை.

தேய்பிறை: அப்படியானால் மேகம் இல்லை. ஈரப்பதமும் இல்லை, அதன் உச்சம் விடியலை ஒட்டித்தான் வரும். உங்களுக்கோ நிலா உச்சிக்கு வரும் நேரத்தில் ஏறுகிறது. அளவுத்திருத்த மாறிலியில் (காற்றே இல்லாவிட்டால் கருவி காட்டும் அளவு) பிழை இருந்தால், அது காற்றுத்திணிவால் (ஒளி கடந்து வரும் காற்றின் அளவு, நிலா தலைக்கு மேல் நின்றால் 1, தாழத் தாழக் கூடும்) வகுபட்டு விடையில் சேரும். 8 சதவீதப் பிழை நிலா தலைக்கு மேல் நிற்கும்போது 0.08 ஆகத் தெரியும். காற்றுத்திணிவு 4 ஆகும்போது வெறும் 0.02. ஆகவே காற்றுத்திணிவின் தலைகீழியை (1/காற்றுத்திணிவு) ஓர் அச்சிலும் ஒளியியல் ஆழத்தை இன்னொன்றிலும் வைத்து வரையுங்கள். நேர்க்கோடு வந்தால் சந்தேகம் கருவி மேல். எல்லா இரவும் ஒரே சரிவு என்றால் மாறிலி. திதியோடு சரிவு மாறினால் ரோலோ.

லிடார்நேசன்: லிடார் (லேசரை வானில் ஏவித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி) இருந்தால் இரவென்ன, பகலென்ன? நிலாவை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை.

தேய்பிறை: சாதாரண லிடார் தருவது பின்சிதறல், அதாவது துகள்கள் திருப்பியனுப்பும் ஒளி. அதை ஒளியியல் ஆழமாக்க லிடார் விகிதத்தை (ஒளி மறைப்புக்கும் பின்சிதறலுக்கும் உள்ள விகிதம்) ஊகிக்க வேண்டும். கடல் உப்புக்கு ஏறத்தாழ 20, காட்டுத்தீப் புகைக்கு 70. எதை வைப்பீர்கள்?

லிடார்நேசன்: ராமன் லிடாருக்கு (காற்று மூலக்கூறுகள் அலைநீளம் மாற்றித் திருப்பும் ஒளியையும் அளப்பது) அந்த ஊகம் தேவையில்லை.

மூத்தகுடி: பகல் வெளிச்சத்தில் ராமன் சமிக்ஞை மூழ்கிவிடும். "பகலென்ன" என்றவர் நீங்கள்தான்.

லிடார்நேசன்: குறுகிய வடிகட்டி, வலுவான லேசர் வைத்துப் பகலிலும் அளக்கிறார்கள்.

மூத்தகுடி: அதற்கான பணம் கேள்வி கேட்டவரிடம் இருக்கிறதா?

நிலாப்பதிவு: வரைந்தேன். நேர்க்கோடுதான், பார்த்த இரவுகள் எல்லாவற்றிலும் ஒரே சரிவு. நன்றி.

தேய்பிறை: மாறிலியை எப்படிப் பெற்றீர்கள்? பகலுக்கும் இரவுக்கும் ஒரே உணரி என்றால், சூரிய மாறிலியைப் பெருக்கக் காரணி (மங்கலான நிலவொளிக்காகக் கருவி சமிக்ஞையைப் பெருக்கும் மடங்கு) 4096 கொண்டு நிலாவுக்கு மாற்றிப் பாருங்கள்.

உப்புக்காற்று: எங்கள் கடற்கரையில் ஈரப்பதம்தான்.