புதுப்பிப்பு: மாடித்தோட்ட மண் கலவை, திருத்தங்கள்

செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு என்று முன் பதிவில் எழுதியிருந்தேன். அந்த அளவை மாற்றிக்கொள்ளுங்கள்: செம்மண் 2, தொழுவுரம் 2, நார்க்கழிவு 1.

காரணம் இதுதான். மட்காத நார்க்கழிவில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். அடி இலைகள் முதலில் மஞ்சளாவது அதனால்தான்.

இலை ஓரம் கருகினால் அது பெரும்பாலும் நார்க்கழிவில் உள்ள உப்பு. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மூன்று முறையாவது அலசுங்கள். தேநீர் நிறம் வெளிற வேண்டும். அந்தத் தண்ணீரைத் தொட்டிகளில் ஊற்றாதீர்கள், அலசியதே வீண்.

20 லிட்டர் பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, லேசாக நனைத்து, நிழலில் 15 நாள் விட்டு நடுங்கள். அவசரப்பட்டு அன்றே நட்டால், புண்ணாக்கு நொதிக்கும்போது இளவேர் கருகக்கூடும். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்வதே சரியான பதம்.

பழைய கலவையில் ஏற்கெனவே நட்டாயிற்றா? பிடுங்க வேண்டாம். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, வாரம் ஒருமுறை செடிக்கு அரை லிட்டர். மூடியை இறுக்காதீர்கள், வாயு கட்டும். நாற்றம் இருக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் வைக்காமல் இருப்பது நல்லது.