வேலைக்கும் மலையேற்றத்துக்கும் ஒரே சப்பாத்து: கொழும்பில் எது கிடைக்கும்?

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், கட்டட வேலைத்தள மேற்பார்வையாளர். வாரத்தில் 6 நாள் கொன்கிரீட் தரையில் நிற்கிறேன், மாதம் ஒருமுறையாவது மலை ஏறுகிறேன். 14 மாதத்தில் இரண்டு சோடி சப்பாத்து போய்விட்டது.

முதலாவது புறக்கோட்டையில் வாங்கிய இரும்பு முனைச் சப்பாத்து. 5 மாதத்தில் அடி பிளந்தது. இரண்டாவது விலை கூடிய மலையேற்றச் சப்பாத்து. மழைக்காலம் முழுக்கப் பெட்டியிலேயே வைத்திருந்து, பெப்ரவரியில் சிவனொளிபாதமலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். இறங்கும்போது குதிப்பக்கம் ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. ஒட்டு விடவில்லை, நடுவில் இருந்த நுரை அடுக்குதான் விரலால் தொட்டாலே நொறுங்கியது. அந்த நுரை பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை, ஈரக்காற்றில் சும்மா வைத்திருந்தாலும் சிதையும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைசிப் படிகளைச் சப்பாத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் இறங்கினேன். பக்கத்தில் பிள்ளைகள் வேறு, பயந்துவிட்டேன்.

பசை போட்டுப் பார்த்தேன். சுற்றித் தைத்தும் பார்த்தேன், நூல் பிடிக்க நுரையே மிச்சமில்லை. ஓர் அளவு கூட்டி ஒன்று போட்டுப் பார்த்தேன். குதி வழுக்கியது, இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது.

அளவு 42, முன்பாதம் அகலம். தளத்தில் பாதுகாப்பு முனை கட்டாயம், இரும்பில்லாத பாரம் குறைந்த முனை என்றாலும் சரி. 30,000 ரூபாய் வரை போடலாம்.

அகலப் பாதத்துக்கு ஏற்ற, ரப்பர் அடியைத் தைத்துப் பொருத்திய, தேய்ந்தால் அடியை மட்டும் மாற்றக்கூடிய எந்த மாடல் கொழும்புக் கடைகளில் கிடைக்கிறது?