சாலை வந்த பிறகு என்ன மாறியது? அளப்பதற்கு யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ஒரு சாலையால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறேன். சாலை போட்டு ஆறு வருடம் ஆகிவிட்டது. போடுவதற்கு முன்பு யாரும் எதையும் அளந்து வைக்கவில்லை. வழக்கம்தானே!

சரி, நினைவில் இருப்பதையாவது கேட்கலாம் என்று போனோம். முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்றால், ஒரு பாட்டி, "நடந்து போறவ எதுக்குய்யா மணி பாக்கணும்?" என்று திருப்பிக் கேட்டார். படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலிதான்.

பெரிய சிக்கல் ஒப்பீட்டு ஊர், அதாவது சாலை கிடைத்த ஊரோடு வைத்துப் பார்க்கச் சாலை கிடைக்காத ஓர் ஊர். பக்கத்து ஊர்க்காரர்களும் இதே சாலையில்தான் பால் கேனோடு வருகிறார்கள். அதைச் 'சாலை இல்லாத ஊர்' என்று எழுத மனம் வரவில்லை. 2000-இல் தொடங்கிய இத்திட்டம், 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சாலை கிடைக்க ஊரில் சமவெளியில் 500 பேர், பழங்குடிப் பகுதிகளில் 250 பேராவது இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. அந்த மாதிரிக் கோடுகளுக்குச் சற்று மேலும் கீழும் உள்ள ஊர்களை ஒப்பிட்டு 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. விவசாய வேலையை விட்டு வெளியேறியவர்கள் கூடினார்கள், வருமானமும் சொத்தும் பெரிதாக மாறவில்லை என்றது. ஆனால் அந்த வழிக்கு ஆயிரக்கணக்கில் ஊர்கள் வேண்டும். என்னிடம் இருப்பது பதினொன்று.

பால் சங்கப் பேரேடு, பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி பழைய தாள்களை, சாலைக்கு முந்தைய நிலையைக் காட்டும் அடிப்படைத் தரவாக யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஒப்பீட்டு ஊரை எத்தனை கிலோமீட்டர் தள்ளி எடுத்தீர்கள்? கேள்வித்தாள் இருந்தால் அனுப்புங்கள். வரும் திங்கட்கிழமை மறுபடி களத்துக்குப் போகிறோம்.