ஜெர்மனியில் ஒரே ஒரு செமஸ்டர்: எதை முதலில் முடிக்க வேண்டும்?

கேள்வி: வடதிசைப்பயணி

அனைவருக்கும் வணக்கம். நான் மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் கல்லூரி ஜெர்மனியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட மாணவர் பரிமாற்ற ஒப்பந்தத்தின்படி, வரும் குளிர்கால செமஸ்டரை அங்கே படிக்கத் தேர்வாகியிருக்கிறேன். சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது. விசா விண்ணப்பத்துக்கான ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை எவை என்று ஓரளவு தெரிகிறது. எதை முதலில் செய்தால் மற்றவை தடைபடாது என்பதுதான் தெரியவில்லை. போகவர விமானச் சீட்டை ஒன்றாக எடுத்தால் செலவு குறையும் என்பதால் இப்போதே எடுத்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில். எங்கள் கல்லூரியில் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் தொடங்கிவிடும். ஆகையால் ஜனவரிக் கடைசியில் திரும்புவதாக வைத்துக்கொள்ளலாமா? அறை கிடைக்கும் முன்பே கிளம்பலாமா? போய் இறங்கிய முதல் இரண்டு வாரங்களில் முடித்தாக வேண்டியவை எவை? அங்கே படித்தவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி: கரைசேர்ந்தவன்

வாழ்த்துகள், தங்கச்சி. திரும்பும் சீட்டை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். நீங்கள் கேட்டவற்றில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போவது அதுதான் என்பதால் அதைப் பற்றியே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் என்பது ஏட்டின்படி அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முற்பாதியில் முடியும். எழுத்துத் தேர்வுகள் பெரும்பாலும் அதன் பிறகு, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடக்கும். ஹோக்‌ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் இவை எல்லாமே சில வாரங்கள் முன்னதாக வரும். அங்கே பல பாடங்களில் நம் கல்லூரிகளைப் போல அகமதிப்பெண் கிடையாது. கடைசியில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண்ணையும் முடிவு செய்கிறது. ஜனவரிக் கடைசியில் நீங்கள் கிளம்பிவிட்டால், எல்லா வகுப்புகளிலும் உட்கார்ந்திருந்தும் ஒரு கிரெடிட் கூட இல்லாமல் ஊர் திரும்ப நேரலாம்.

இதைச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. முதலாவது, அடுத்த செமஸ்டரில் தாமதமாகச் சேர உங்கள் துறைத் தலைவரிடமும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் இப்போதே எழுத்து மூலம் அனுமதி பெறுவது. இரண்டாவது, அங்கே உள்ள பேராசிரியரிடம் நீங்கள் பரிமாற்ற மாணவி என்பதைச் சொல்லி, முன்கூட்டியே வாய்மொழித் தேர்வு வைக்க முடியுமா என்று கேட்பது. சிலர் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் அது அவர்களுடைய கடமை அன்று. வகுப்பு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் கேட்டால்தான் மரியாதையாகவும் இருக்கும், பலனும் இருக்கும். மூன்றாவது, எழுத்துத் தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரையோ திட்டப்பணி அறிக்கையோ கேட்கும் பாடங்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பது. அவற்றைப் பல நேரங்களில் மார்ச் வரை ஊரிலிருந்தே சமர்ப்பிக்கலாம்.

அடுத்தது பாடத்தேர்வு. ஒவ்வொரு துறையும் தன் பாடக் கையேட்டை இணையத்தில் வைத்திருக்கும். பாடம் எந்த மொழியில் நடக்கிறது, எத்தனை கிரெடிட், தேர்வு எந்த வடிவில், குளிர்காலத்தில் நடப்பதா கோடைக்காலத்தில் மட்டும் நடப்பதா என்ற நான்கையும் அதில் பார்த்துவிடுங்கள். இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும். ஆங்கிலத்தில் நடப்பவை அதிகமாக முதுநிலையில் கிடைக்கும், அவற்றில் சேர உங்களுக்கு அனுமதி உண்டா என்று அங்குள்ள பன்னாட்டு அலுவலகத்திடம் கேட்க வேண்டும். ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. போன பிறகு நேர மோதல் வந்து ஒரு பாடமாவது மாறுவது மிகச் சாதாரணம். அப்படி மாறினால், எந்தெந்தப் பாடங்களைப் படிக்கப்போகிறீர்கள் என்பதைக் குறிக்கும் கற்றல் ஒப்பந்தத்தைத் திருத்தி, அதில் இரண்டு கல்லூரிகளின் கையெழுத்தும் விழ வேண்டும். வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை மாதங்கள் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுப் பதிவுக்குத் தனியாக ஒரு காலக்கெடு உண்டு, பல இடங்களில் அது நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் வந்து போய்விடும். பதிவு செய்யாதவர் தேர்வு எழுத முடியாது. பதிவு செய்துவிட்டு விலகாமலும் வராமலும் இருந்தால், பல பல்கலைக்கழகங்களில் தோல்வியாகவே குறிப்பார்கள்.

மறுமொழி: மாடவிளக்கு

மேலே சொன்னதை முழுமையாக ஆமோதிக்கிறேன். அறையைப் பற்றியும் முதல் இரண்டு வாரங்களைப் பற்றியும் நான் சொல்கிறேன், தங்கையே.

அங்கே ஒவ்வொரு வேலையும் முகவரியில்தான் தொடங்குகிறது. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்கு வீட்டு உரிமையாளரோ விடுதி நிர்வாகமோ கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். பல வங்கிகள் இந்தப் பதிவுச் சான்றைக் கேட்கும், விசாவை நீட்டிக்க வேண்டியிருந்தால் அதற்கும் இது வேண்டும். ஆகவே அறை தேடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே, அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் இதற்கு நேரம் வாங்குவதே கடினம் என்பதால், முகவரி உறுதியான அன்றே இணையத்தில் நேரம் தேடத் தொடங்குங்கள்.

மாணவர் விடுதிகளை ஷ்டுடீரண்டன்வெர்க் என்ற அமைப்பு நடத்துகிறது. சேர்க்கைக் கடிதம் கையில் இருப்பதால் இன்றே விண்ணப்பியுங்கள். தனியாரிடம் அறை பார்த்தால், தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொல்பவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள். இது மாணவர்களைக் குறிவைத்து ஆண்டுதோறும் நடக்கும் மோசடி. முன்பணமாக அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான் வாங்கலாம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. குடியேறியதும் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போட மாட்டார்; வங்கி அட்டையும் காப்பீட்டு அட்டையும் தபாலில்தான் வரும்.

வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் தொடங்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். இவற்றையும் பார்த்துப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

மறுமொழி: ஆவணக்காப்பாளர்

பணத்தையும் காப்பீட்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன். விசாவுக்காக முடக்கி வைக்கும் கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கு 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிக்கும் நாளில் என்ன தொகை என்பதைத் தூதரகத்தின் பக்கத்தில் சரிபாருங்கள். அந்தப் பணம் ஒரே தவணையில் கைக்கு வராது. அங்கே நீங்கள் தொடங்கும் நடப்புக் கணக்குக்கு மாதாமாதம்தான் வரும். முதல் மாத வாடகை, முன்பணம், கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் எல்லோரும் கட்ட வேண்டிய செமஸ்டர் பங்களிப்பு ஆகிய மூன்றும் முதல் தவணை வருவதற்கு முன்பே கேட்கப்படும் என்பதால், அவற்றுக்குத் தனியாக ஒரு தொகை வைத்திருங்கள்.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனமே உங்கள் காப்பீட்டு நிலையைப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தெரிவிக்கும். மாணவர்களுக்கான பொதுக் காப்பீடு பொதுவாக செமஸ்டருடன் தொடங்குவதால், செப்டம்பரிலேயே போய் இறங்குவதாக இருந்தால் அந்த இடைப்பட்ட நாள்களுக்குப் பயணக் காப்பீடு வேண்டும். பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போனால், அந்தப் படிப்பு முடியும் வரை திரும்ப முடியாது; எனவே விலை குறைவு என்பதற்காக மட்டும் அதில் கையெழுத்திட வேண்டாம்.

வடதிசைப்பயணி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. போகும் சீட்டை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். துறைத் தலைவரிடம் பேசினேன். அங்குள்ள தேர்வுக் கால அட்டவணையை இணைத்து விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். மேலும் ஒரு ஐயம்: விடுதி அறை உடனே கிடைக்காவிட்டால், சில வாரங்கள் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா? வகுப்புகள் எப்படி இருக்கும் என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி: மாடவிளக்கு

குறுகிய கால விடுதிகள் பெரும்பாலும் அந்தச் சான்றைத் தருவதில்லை. ஒரு செமஸ்டர் வெளியூர் போகும் அங்குள்ள மாணவர்கள் தம் அறையை அதே காலத்துக்கு உள்வாடகைக்கு விடுவது வழக்கம். உரிமையாளரின் ஒப்புதலோடு இருந்தால் அதில் பதிவு செய்யலாம். உங்கள் காலஅளவுக்கு அதுவே மிகவும் பொருந்தும்.

மறுமொழி: கரைசேர்ந்தவன்

வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று குறித்திருந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சரியாக அந்த நேரத்துக்கே. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் மேசையைத் தட்டுவது பாராட்டுதான், திடுக்கிட வேண்டாம். பல விரிவுரைகளில் வருகைப்பதிவு எடுப்பதில்லை. இதுதான் புதிதாக வருபவர்களைப் பெரிதும் வழிதவறச் செய்வது என்பது என் கருத்து: யாரும் கேட்காததால் நவம்பர் முழுவதும் இலகுவாகத் தோன்றும், பிப்ரவரியில் மொத்தப் பாடமும் ஒன்றாக வந்து நிற்கும். பயிற்சி வகுப்புகளைத் தவறவிடாதீர்கள்; தேர்வுக் கேள்விகளின் போக்கு அங்கேதான் பிடிபடும், சேர்ந்து படிக்க நண்பர்களும் அங்கேதான் கிடைப்பார்கள். டிசம்பரில் பெர்லினில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், அந்த மாதத்தில் தனிமை பலருக்கும் கனக்கும். அதற்கு முன்பே ஒரு படிப்புக் குழுவில் சேர்ந்திருப்பது மிகுந்த துணை.

மதிப்பெண் முறை நமக்குத் தலைகீழ். 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. உங்கள் கல்லூரி இதை எந்த வாய்பாட்டில் மாற்றும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கி, துறைத் தலைவருக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது முகவரிப் பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அதைச் செய்யலாம். அறை முன்பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், அது வந்து சேரும் வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.